'டிசைனர்'னா ப்ளவுஸ் தைக்கிற வேலையா?



வீட்டுப் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் டீச்சர், நர்ஸ், பேங்க் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். கம்ப்யூட்டர் வேலை என்றாலும் போதும். அடுத்த கேள்வி, 'சென்னையா, பெங்களூரா' என்று போய்விடும். ஆனால், என் நாத்தனார் மகள் பார்க்கிற வேலைக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைக்காமல் எங்கள் குடும்பமே ஒரு வருடம் திண்டாடியது. அவள் 'யூ.எக்ஸ். டிசைனர்'. சென்னையில் வேலை. மாதம் ஒருமுறை இங்கே திருவண்ணாமலைக்கு, பாட்டி வீடான எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும்தான் தொல்லை ஆரம்பித்தது. பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா போன் செய்தார்.

"டிசைனர்னு போட்டிருக்கீங்களே... ஆரி ஒர்க், ப்ளவுஸ் தைக்கிறதா? பி.இ. படிக்க வச்சோம்னு சொன்னீங்க?"

தையல் ஒன்றும் குறைவான வேலை இல்லை. ஆரணிப் பட்டு நெய்கிற மாவட்டத்துக்காரி நான், எனக்குத் தெரியாதா? அந்த அம்மாள் கேட்ட தொனிதான் சுருக்கென்று தைத்தது. அடுத்து வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "படம் போடறதெல்லாம் எதுக்கு? கல்யாணத்துக்கு அப்புறம் பழையபடி புரோகிராம் எழுதற வேலைக்கே போயிடட்டும்" என்று நிபந்தனையே வைத்தார்கள். அலுத்துப்போன அவள் அப்பா, "சாப்ட்வேர் என்ஜினியர்னே போட்டுடலாம், யாரு கேக்கப் போறா?" என்றார்.

அன்றைக்கு அந்தப் பெண் முகம் சிவந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. "நாலு வருஷம் பார்த்த வேலைய விட்டுட்டு, சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு இதுக்கு வந்தேன் அத்தை. இதையே மறைச்சு எழுதிட்டு ஒரு வீட்டுக்குப் போகணுமா?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையோ, இரங்கல் செய்தியோ, எதை எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வரும். இதுவும் வந்தது. புரியாத வேலையை எப்படி எழுதுவது? அவளையே உட்கார வைத்துக் கேட்டேன். அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்!

எங்கள் வீட்டு அடுப்பு மூன்று பர்னர். நடு பர்னர் மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். திருகுகள் மூன்றும் முன்னால் ஒரே வரிசை. "வீட்டுக்கு விருந்தாளி வந்து டீ போடறேன்னு நின்னா, முதல்ல எந்தத் திருகைத் திருப்புவாங்க அத்தை?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு வரும் யாருமே முதல் தடவை சரியாகத் திருப்பியதில்லை. நான் ஹாலில் இருந்தபடியே, "அது இல்ல, பக்கத்துல..." என்று குரல் கொடுப்பதே வழக்கம்.

"நீங்க குரல் கொடுக்க வேண்டியிருக்குன்னா, அடுப்பைச் செஞ்சவர் ஏதோ யோசிக்காம விட்டுட்டார்னு அர்த்தம். அதை யோசிக்கிறதுதான் என் வேலை. நான் அடுப்புக்குப் பதிலா போன்ல செய்யறேன்" என்றாள்.

இந்த அடுப்புத் திருகு விஷயத்தைப் பற்றி அமெரிக்காவில் டொனால்ட் நார்மன் என்ற மனவியல் பேராசிரியர் 1988-லேயே ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறாராம். 'தி சைக்காலஜி ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்று பெயர். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாத கதவு, எந்தப் பட்டனுக்கு எந்த விளக்கு எரியும் என்று புரியாத சுவிட்ச் போர்டு என்று வீட்டுச் சாமான்களை வைத்தே எழுதியிருக்கிறார். ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் தடுமாறினால் பழியை அவர்மேல் போடாதே, பொருளைப் பார் என்பதுதான் புத்தகம் முழுக்க அவர் பேசுவது. இதே மனிதர் 1993-ல் ஆப்பிள் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது, தன் பதவியின் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். அதன் சுருக்கம்தான் யூ.எக்ஸ்.

எதிர்வீட்டு அக்கா விஷயம் உடனே எனக்கு ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு செயலியில் பஸ் டிக்கெட் போடப் போய், 'சரி', 'ரத்து' இரண்டு பட்டனும் ஒரே நிறத்தில் ஒட்டி ஒட்டி இருக்க, விரல் பட்டு டிக்கெட் போய்விட்டது. பணம் திரும்பி வர இருபது நாள். அந்த இருபது நாளும் அவர் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சொல்லிக் காட்டியே தீர்த்தார்கள். "எனக்கு அறிவு கம்மிம்மா, இனிமே போனையே தொட மாட்டேன்" என்று என்னிடம் வந்து கண் கலங்கினார். பத்தாவது வரை படித்தவர், சீட்டுக் கணக்கெல்லாம் மனசிலேயே போடுகிறவர் அவர்!

இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுப் பெண் எழுந்து எதிர்வீட்டுக்கே போய்விட்டாள். "அக்கா, அது உங்க தப்பு இல்ல. அந்தப் பட்டனை அங்க வச்சவங்க தப்பு" என்றாள். அக்கா நம்பவில்லை. ஆனாலும் போனை எடுத்து வந்து, "வேற எங்கெல்லாம் இப்படி வச்சிருக்காங்க, காட்டு பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு இந்த வேலையின் அருமை முழுசாகப் புரிந்தது தமிழ் டைப்பிங்கில்தான். நான் கல்யாணத்துக்கு முன் தமிழ் தட்டச்சு லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். அந்தக் காலத்தில் பத்தாவது முடித்த பெண்களெல்லாம் காலையிலும் மாலையிலும் இன்ஸ்டிடியூட் வாசலில் நிற்போமே, ஞாபகம் இருக்கிறதா? தமிழுக்கு 247 எழுத்து. மெஷினிலோ நாற்பத்து சொச்சம் விசைகள். இதை எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்தவர், மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போனவர். எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். சில விசைகளை 'நகரா விசை' ஆக்கினார். அதாவது, விசிறி மாதிரி மேலே ஏறும் குறியை அடித்தால் உருளை நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அவர் அமைத்தபடி மெஷின் ஜெர்மனியில் தயாராகி வந்தது. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் யோசித்த யோசனை. 'யூ.எக்ஸ்.' என்ற பெயர் பிறக்காத காலத்தில் அந்த வேலையைச் செய்த தமிழர் என்றே அவரைச் சொல்வேன்.

ஆனால், நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால். மனசு 'கொ' என்று சொல்லும், விரல் மூன்று தடவை இறங்க வேண்டும். சுண்டுவிரல் செத்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளுக்கொரு விசைப்பலகை என்று குழப்பமாகிக் கிடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்து, அதன் பிறகு 'தமிழ் 99' என்ற விசைப்பலகை வந்தது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்தெல்லாம் வலது கைக்கு. மொத்தம் 31 விசைகள்தான். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு ஆய்தம். 'கொ' வேண்டுமா? 'க', 'ஒ'. முடிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கேளுங்கள். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டினால் போதும். ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். 'அப்பா', 'அக்கா', 'பல்லி' எல்லாமே அப்படித்தான். 'தம்பி'க்கு த, ப-வுக்கு நடுவே ம, கடைசியில் இ. 'ம'வுக்குப் பக்கத்தில் 'ப' வந்தால் அது 'ம்ப'தான் என்று அதற்குத் தெரிகிறது. ங்க, ஞ்ச, ந்த, ண்ட எல்லாவற்றுக்கும் இதே கதை. தமிழில் எது எதோடு சேரும் என்று உட்கார்ந்து யோசித்து, நம் விரலுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிற பெண் மாதிரி!

"இதையெல்லாம் போனுக்குள்ள கொண்டு வந்தது யாருன்னு தெரியுமா அத்தை? நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு அவரும் ஒரு காரணம்" என்று அவள் சொன்ன பெயர், முத்து நெடுமாறன்.

மலேசியத் தமிழர். அவர் அப்பா முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர், குழந்தைகளுக்கு நிறையப் பாட்டு எழுதியவர். மலேசியத் தமிழ்க் கவிஞர்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்று பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தவர். மகனோ பொறியியல் படித்தவர். அப்பா தமிழைப் பாட்டில் எழுதினார், பிள்ளை அதே தமிழைக் கம்ப்யூட்டர் திரையில் எழுத வைத்தார். 1985-லேயே 'முரசு' என்ற பெயரில் தமிழ் மென்பொருள் செய்ய ஆரம்பித்துவிட்டார். 1985 என்றால் எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிறகு அது 'முரசு அஞ்சல்' ஆயிற்று. இங்கிலீஷ் எழுத்திலேயே உச்சரிப்புப்படி தட்டினால் தமிழ் வரும் 'அஞ்சல்' முறையை எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள்.

2005 பொங்கலன்று சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளிவந்தது. அப்போது தொடுதிரை போன் ஏது? பட்டன் போன்தான். ஒரு கை அகலப் போனில், பன்னிரண்டு பட்டனுக்குள் தமிழைக் கொண்டு வந்து, தமிழிலேயே எஸ்.எம்.எஸ். அனுப்ப வைத்தார். பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு என்று செல்லினமும் கூடவே வளர்ந்தது.

இன்னொரு விஷயம் கேட்டு நானே அசந்துபோனேன். ஆப்பிள் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, வங்காளம், சிங்களம், அவ்வளவு ஏன், பர்மா, கம்போடியா, லாவோஸ் எழுத்துக்குக்கூட உள்ளே இருக்கும் எழுத்துருக்களின் பெயர் 'எம்.என்.' என்று முடியும். அந்த எம்.என். யார் என்றால் முத்து நெடுமாறன்! கோடிக்கணக்கான பேர் கையில் அவர் வரைந்த எழுத்து இருக்கிறது. பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல சமையல் மாதிரிதான் இதுவும். உப்பு சரியாக இருந்தால் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

எனக்குச் செல்லினம் எதற்கு ஒரு வரப்பிரசாதம் என்று சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்தால் கை மடங்காது, வெந்நீரில் வைத்து எடுத்த பிறகுதான் காபி டம்ளரே பிடிக்க வரும். பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதினால் அன்று இரவு தூக்கம் போச்சு. வாரம் தவறாமல் பெரியக்காவுக்குக் கடிதம் எழுதியவள், உங்கள் பகுதிக்கு மாதம் ஒரு கடிதமாவது போட்டவள், இரண்டு வருடம் எழுதாமலே இருந்தேன். போனில் பேசிவிடலாமே என்பார்கள். பேசுவது வேறு, எழுதுவது வேறு. எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது தெரியும்.

என் கையைப் பார்த்துவிட்டு அவள்தான் போனில் செல்லினத்தைப் போட்டு, தமிழ் 99-ஐ வைத்துக் கொடுத்தாள். "அஞ்சல் முறை வேணாம் அத்தை, உங்களுக்கு இதுதான் தட்டறது கம்மி" என்றாள். இரண்டு எழுத்து தட்டினால் முழு வார்த்தையும் மேலே வந்து நிற்கிறது, தொட்டால் போதும். ஒற்றுப் பிழையைக்கூடச் சுட்டிக் காட்டுகிறது. கட்டை விரல் ஒன்றுக்கு வலி இல்லாததால் அதை வைத்தே எழுதுகிறேன். இந்தக் கடிதமும் அப்படித் தட்டியதுதான், மூன்று மதியம் ஆயிற்று.

சரி, அவள் வேலைக்கு வருகிறேன். அவள் இப்போது பார்ப்பது, கிராமத்துப் பெண்களும் பயன்படுத்துகிற ஒரு செயலி. திரையை முதலில் கம்ப்யூட்டரில் வரைவதில்லை, காகிதத்தில் பென்சிலால் வரைகிறாள். பட்டன், கட்டம், படம் எல்லாம் காகிதத் துண்டுதான். போன பௌர்ணமிக்கு முந்தின நாள் எங்கள் திண்ணையில் அதையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஐந்து பெண்களை உட்கார வைத்தாள். பூக்கார அம்மா, எதிர்வீட்டு அக்கா, பால்காரர் சம்சாரம், இட்லிக் கடை அம்மா, என் மாமியார். ஏன் ஐந்து பேர் என்றால், ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதியிருக்கிறாராம். ஐந்து பேரைச் செய்யச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு வெளியே வந்துவிடுமாம்.

ஒரே விதி, சொல்லிக் கொடுக்கக் கூடாது. சும்மா பார்க்க வேண்டும். இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் வாயைத் திறந்த உடனே, "அத்தை, நீங்க உள்ள போய் காபி போடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

திரையின் ஓரத்தில் மூன்று கோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்குமே, அதைத் தொட்டால் பட்டியல் திறக்கும். 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த குறி அது. உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. பூக்கார அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, விபூதிப் பட்டையா? சாமி சம்பந்தப்பட்டதா இருந்தா செருப்பைக் கழட்டிட்டு வரேன்" என்றார்! திண்ணையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த மூன்று கோட்டுக்குக் கீழே இப்போது 'மற்றவை' என்று தமிழில் எழுதியிருக்கிறது.

இன்னொன்று, 'சமர்ப்பிக்கவும்' என்ற பட்டன். இங்கிலீஷில் சின்ன வார்த்தையாம், தமிழில் போட்டால் பட்டனை விட்டு வெளியே வழிகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளி தெரியவில்லை. என் மாமியாருக்கு எண்பது வயது, அவர்தான் தீர்த்து வைத்தார். "சமர்ப்பிக்கிறது கோயில்லடி. இங்க எதுக்கு? அனுப்புன்னு போடு" என்றார். 'அனுப்பு' பட்டனுக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆபீஸிலும் அதையே ஒத்துக்கொண்டார்களாம். தான் வைத்த பெயர் போனில் வருகிறது என்று மாமியாருக்கு இப்போது ஒரே பெருமை.

வேலை நேரம் போக அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு, எழுத்து வரைவது. அருணாசலேஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே, நாம் விளக்குப் போட்டுவிட்டுத் தாண்டிப் போவோம். அவள் அரை மணி நேரம் அங்கேயே நின்று, கையில் நோட்டோடு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதுவாள். கல்லில் வெட்டியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லையாம். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். உளி பட்ட கோடு ஒரு மாதிரி வளையும், பனையோலையில் எழுத்தாணி பட்ட கோடு வேறு மாதிரி வளையும் என்று காட்டுவாள். இதையெல்லாம் வைத்துச் சொந்தமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைகிறாள். ஒன்றரை வருடமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்தும் இன்னும் பாதி முடியவில்லை. 'ண'வின் சுழிக்கு மட்டும் ஒரு மாதம்!

கிரிவலம் போனாலும் இதே கதைதான். "பதினாலு கிலோமீட்டர் நடக்கறவங்களுக்கு, எங்க இருக்கோம், இன்னும் எவ்வளவு பாக்கின்னு போர்டே இல்லாம தெரியுது பாருங்க அத்தை" என்றாள். உண்மைதானே? இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று எட்டு திசைக்கும் எட்டு லிங்கம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், "குபேரர் வந்தாச்சு, கொஞ்ச தூரந்தான்" என்று காலை எட்டிப் போடுவார். சாமி கும்பிடப் போன இடத்திலும் இவளுக்கு ஆபீஸ் ஞாபகம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஆனால், அன்றிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

அவள் அப்பாவைச் சமாதானப்படுத்தியதும் என் வீட்டுக்காரர்தான். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்க் காசை எடுத்து, "இந்த ரூபாய்க் குறியை வரைஞ்சது யாரு மாப்ளே?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. டி. உதயகுமார். நம் பக்கத்து ஊர் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்து, அங்கேயே தமிழ் எழுத்துருக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். 2010 ஜூலை 15-ம் தேதி மத்திய அரசு அவர் வரைந்த குறியைத் தேர்ந்தெடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அதன் பிறகு குவஹாத்தி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். "படம் போடற வேலைன்னு சொல்றாங்களே, அந்தப் படந்தான் உங்க பையிலயும் என் பையிலயும் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனார் வீட்டுக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். மறுநாள் என்னிடம், "நீங்களே உங்க இஷ்டப்படி எழுதிடுங்கம்மா" என்றார்.

நான் எழுதியது இதுதான். 'வேலை: போனிலும் கம்ப்யூட்டரிலும் வரும் செயலிகளை எல்லோரும் தடுமாறாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பவர். ஓய்வு நேரத்தில் தமிழ் எழுத்துரு வரைகிறார். திருமணத்துக்குப் பிறகும் இதே வேலையைத் தொடர்வார்.' பயோடேட்டாவில் இவ்வளவு நீளமாக யாராவது எழுதுவார்களா என்று கேட்டவர்கள் உண்டு. கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. எடுக்கவில்லை.

இரண்டு வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, "எனக்குக் கேஸ் புக் பண்றதே இந்த போன்ல தகராறா இருக்கு. உங்க பொண்ணு அதையெல்லாம் சரி பண்ணுமா?" என்று ஆசையாகக் கேட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மனசுக்குப் பிடித்துப்போன இடம். ஆனால், ஜாதகம் பொருந்தவில்லை. அதை எந்த டிசைனரும் சரி பண்ண முடியாது போலிருக்கிறது! இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை, எங்களுக்குத்தான்.

வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு தகவல். பிளஸ் டூவுக்குப் பிறகு டிசைன் பட்டப்படிப்பில் சேர 'யுசீட்' என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதுவது 'சீட்'. இரண்டையும் மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் யுசீட் எழுதலாம். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. எங்கள் வீட்டுப் பெண் இதில் எதிலும் சேரவில்லை. வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் தானாகக் கற்றுக்கொண்டாள், சம்பளக் குறைவையும் தாங்கிக்கொண்டாள். அந்த வழி கஷ்டம் என்று அவளே சொல்கிறாள்.

கை வலியால் எழுதுவதை விட்டுவிட்ட சகோதரிகள் யாராவது இருந்தால், போனில் தமிழ் 99 போட்டுப் பாருங்கள். முதல் வாரம் ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டியிருக்கும், எரிச்சலாக வரும். இரண்டாவது வாரம் விரல் தானே போகும். முதலில் வீட்டில் உள்ளவர்கள் பெயரை எல்லாம் தட்டிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். பழகி முடித்ததும் பெரியக்காவுக்கு, பழைய நாள் மாதிரியே ஊர் விஷயம், வீட்டு விஷயம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் நீளத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'யாரை உட்கார வச்சு எழுத வச்சடி?'

- வாசகி, திருவண்ணாமலை.